தப்பிக்க ஒரே வழி மேலே

போர் விமானிக்கு ஆபத்து வந்தால் அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே ராக்கெட்டாகி அவனை வெளியே தூக்கி எறியும். கோலார் தங்க வயலில் பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நின்றவனுக்கு அப்படி ஒரு நாற்காலி இருந்ததில்லை. அவனைக் காப்பாற்ற என்னென்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை?

முதலில் அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். சில வீடுகளில் சுவர் விரிசல் விடும். வெளியூர்க்காரர் யாராவது விருந்துக்கு வந்திருந்தால் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடுவார். சாம்பியன் ரீஃப்ஸ், ஊரிகாம், மாரிகுப்பம் வாசிகள் அப்படி ஓட மாட்டார்கள். அந்த அதிர்ச்சியின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும்: கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது. அடுத்த கேள்வி ஒன்றுதான். இப்போது எந்த ஷிஃப்ட், வீட்டு ஆள் எந்த லெவலில் இருக்கிறார்?

கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோலார் தங்க வயல். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை இழுத்து மூடியது வரை, இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். அதை எடுத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள் தட்டி வீடுகளில் குடியேறி, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கின.

அவர்கள் இறங்கிய ஆழம் சாதாரணமானதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 3,200 மீட்டர் கீழே. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. தரைமட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் அளவில் இருப்பதால், அந்த அடித்தளம் கடல் மட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே இருந்தது.

வானத்தில் பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவனுக்கும், பூமியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துளை போடுபவனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே மனித உடல் வாழ்வதற்காகப் படைக்கப்படாத இடத்தில் வேலை செய்பவர்கள். இயந்திரம் கைவிட்டால் உயிர் பிழைக்க இருவருக்கும் கருவிகள் வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கருவிகள் சிலவற்றுக்குப் பூர்வீகமும் ஒன்றுதான்.

ஒரே பட்டறை

1896ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. இறந்தவர்களைப் பரிசோதித்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் நிபுணர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதற்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயு. வெடிப்பில் தப்பியவர்கள், வெளியே வரும் வழியில் மூச்சில் விஷம் ஏறிச் செத்திருந்தார்கள். விஷ வாயுவை முன்கூட்டி அறியச் சின்னப் பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் யோசனை அவருடையது. மீட்புப் படையினர் சொந்தப் பிராணவாயுவைச் சுமந்து செல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவர்களிலும் அவர் முக்கியமானவர்.

அதே ஹால்டேன், கடலடி மூழ்குவோர் மேலே வரும்போது எத்தனை ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை 1908ல் வெளியிட்டார். 1911ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில் ஏறி, காற்று குறைந்த உயரத்தில் உடல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். 1933ல், தன் எழுபதுகளில், ஸீப் கோர்மன் நிறுவனத்துடன் சேர்ந்து, உயரே பறப்பவருக்கான காற்றழுத்த உடையை உருவாக்க உதவினார். அந்த வழியில் வந்த உடையை அணிந்துதான் 1936ல் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர் 15 கிலோமீட்டர் உயரம் பறந்து சாதனை படைத்தார்.

சுரங்க மீட்புப் படையினர் முதுகில் சுமந்த 'ப்ரோட்டோ' என்ற சுவாசக் கருவியைச் செய்ததும் அதே ஸீப் கோர்மன் நிறுவனம்தான். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்புவதற்கான கருவியும் அங்கேதான் பிறந்தது. அதாவது சுரங்கத் தொழிலாளி, மாலுமி, விமானி மூவரின் மூச்சையும் ஒரே பட்டறை கவனித்துக்கொண்டது.

ப்ரோட்டோவின் தத்துவம் எளிது. வெளியே விடும் மூச்சு வீணாவதில்லை. மார்பில் தொங்கும் பைக்குள் போகிறது. அங்குள்ள ரசாயனம் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. சிலிண்டரிலிருந்து கொஞ்சம் பிராணவாயு சேர்கிறது. அதே காற்று மறுபடி மூச்சாகிறது. சுமார் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தொழிலாளி இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்ன 'செல்ஃப் ரெஸ்க்யூவர்' டப்பா இன்னும் எளிது. அதிலுள்ள ஹாப்கலைட் என்ற பொடி கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றிவிடும். அந்தப் பொடி முதல் உலகப் போரில் விஷ வாயு முகமூடிக்காக அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது. போர்க்களத்துக் கண்டுபிடிப்பு சுரங்கத்துக்கு வந்தது. சுரங்கத்து ஆராய்ச்சி போர் விமானத்துக்குப் போனது.

ஆனால் கோலாரின் முதல் எதிரி வாயு அல்ல.

பாறையின் கோபம்

தங்கம் இங்கே மணலில் கிடக்கவில்லை. கரும்பாறைக்குள் செங்குத்தாக இறங்கும் வெள்ளைக்கல் அடுக்குகளில் கலந்து கிடந்தது. அந்த அடுக்கை வெட்டி எடுத்தால் ஓர் இடைவெளி உண்டாகிறது. அதுவரை அந்த இடம் சுமந்துகொண்டிருந்த பாரம் இப்போது ஓரங்களுக்கு மாறுகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 800 கிலோ. வெட்டிய இடத்தின் ஓரத்திலும், வெட்டாமல் விட்ட தூண்களிலும் அது பல மடங்காகக் குவியும்.

மென்மையான பாறையாக இருந்தால் மெல்ல நசுங்கி வழிவிடும். கோலார்ப் பாறை கெட்டி. வில்லை வளைப்பதுபோல் அழுத்தத்தை உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். ஒருநாள் தாங்காமல் வெடிக்கும். டன் கணக்கில் கற்கள் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். காற்றே சுவராக வந்து ஆளை அடித்துத் தள்ளும். முன்னறிவிப்பாகச் சில நேரம் பாறை முனகும், சில நேரம் அதுவும் இருக்காது.

கோலாரில் முதல் பாறை வெடிப்பு பதிவானது 1898ல், ஊரிகாம் சுரங்கத்தில். அப்போது ஆழம் 300 மீட்டர் அளவுதான். என்ன நடந்தது என்று புரியாத துரைமார்கள் அதைக் 'காற்று வெடிப்பு' என்று அழைத்தார்கள். காற்று விளைவு மட்டுமே, காரணம் பாறைதான் என்று தெளிவதற்குள் சுரங்கங்கள் இன்னும் ஆழமாகிவிட்டன. 1962ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் க்ளென் பகுதியில் நடந்தது தனி வெடிப்பு அல்ல. அடுத்தடுத்து வெடித்து, பல லெவல்களைச் சேதப்படுத்திய தொடர். சுரங்க இயல் பாடங்களில் இன்றும் பேசப்படும் சம்பவம் அது.

உடல் என்ன ஆகும்?

பாறை வெடிப்பில் அடிபட்டவரின் காயங்களும், விமானத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவரின் காயங்களும் வெவ்வேறு வகை. ஆனால் இரண்டிலும் மருத்துவர்கள் முதலில் பார்க்கும் இடம் ஒன்று: முதுகெலும்பு.

போர் விமானத்தின் தப்பிக்கும் இருக்கை விமானியின் எடையை ஒரு கணத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மடங்காக்குகிறது. எழுபது கிலோ ஆள் ஒரு டன் ஆள் ஆகிறார். அந்தப் பாரம் முழுவதும் முதுகெலும்பில் இறங்குகிறது. மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் எலும்பு நசுங்குவது இதனால்தான். கார்கில் போரில், 1999 மே 27 அன்று மிக்-27லிருந்து குதித்த நச்சிகேதா முதுகுக் காயத்தால் பிற்பாடு போர் விமானத்தை விட்டு பெரிய விமானங்களுக்கு மாற வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21லிருந்து குதித்துப் பாகிஸ்தானில் பிடிபட்ட தமிழ்நாட்டுக்காரர் அபிநந்தன் வர்தமானுக்கும் முதுகிலும் விலாவிலும் காயம் என்று அப்போது செய்திகள் வந்தன. அவர் சில மாதங்களில் மறுபடி பறந்தார்.

உயிரைக் காப்பாற்றும் கருவியே காயத்தையும் தருகிறது. இருக்கையை வடிவமைப்பவரின் வேலை அந்தக் காயத்தை உடல் தாங்கும் எல்லைக்குள் நிறுத்துவது. அந்த எல்லையை அறிய மனிதர்களையே வைத்துச் சோதித்தார்கள். 1946 ஜூலையில் பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் பெர்னார்ட் லிஞ்ச் என்ற மெக்கானிக், பறக்கும் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே பாய்ந்து காட்டினார். அந்த நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை ஏழாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இந்தியாவின் தேஜஸ் விமானத்தில் இருப்பதும் அவர்கள் இருக்கைதான். 2024 மார்ச் 12 அன்று ஜெய்சால்மர் அருகே தேஜஸ் ஒன்று விழுந்தபோது விமானி அதனால்தான் பிழைத்தார்.

சுரங்கத்தில் கதை தலைகீழ். அங்கே மீட்பவரின் அவசரமே கொல்லக்கூடும். பாறைக்கு அடியில் மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடப்பவர் பேசிக்கொண்டிருப்பார், தண்ணீர் கேட்பார். கல்லைத் தூக்கியதும் சிறிது நேரத்தில் சாய்ந்துவிடுவார். நசுங்கிய தசையில் தேங்கியிருந்த பொட்டாசியமும் தசைப் புரதமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குவதே காரணம். 1941ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கியவர்களைப் பார்த்து பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதை விளக்கமாக எழுதினார். கல்லைத் தூக்குவதற்கு முன்பே நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து வந்தது. பாறையடியில் படுத்துக்கொண்டு ஊசி போடும் மருத்துவரும் மீட்புக் கருவிகளில் ஒன்று என்று சொன்னால் தப்பில்லை.

வெயில் படாத வெப்பம்

வெடிப்பு எப்போதாவது வரும். வெப்பம் எப்போதும் உண்டு. கோலாரின் அடித்தளத்தில் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். மேலிருந்து அனுப்பும் காற்றும் உதவாது. கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடி, சைக்கிள் பம்ப் சூடாவதுபோல், 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வீதம் காற்றே சூடேறிவிடும். அடியை எட்டும்போது குளிர்ந்த காற்றும் கொதிக்கும் காற்றாகியிருக்கும்.

இதற்காக 1930களிலேயே கோலாரில் காற்றைக் குளிரூட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. உலகிலேயே சுரங்கக் காற்றைப் பெரிய அளவில் குளிரூட்டிய முதல் சில இடங்களில் இது ஒன்று. பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் சுரங்கங்கள் மட்டுமே அதற்குச் சமமாகச் சொல்லக்கூடியவை. பெங்களூர் அலுவலகங்களில் ஏ.சி. என்ற சொல் புழங்குவதற்குப் பல வருஷம் முன்பே தங்க வயலில் பூமிக்கு அடியில் ஏ.சி. இருந்தது.

அதற்காகக் கீழே வேலை சுகமாக இருந்தது என்று அர்த்தமல்ல. ஈரக் காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் இந்தியச் சுரங்க விதிகள் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவைப் பார்க்கின்றன. அது 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கருங்கல்லே கவசம்

விமானியைக் காப்பது விமானத்திலிருந்து பிரித்து எடுக்கும் உத்தி. தொழிலாளியை மூன்று கிலோமீட்டர் பாறையிலிருந்து ஒரு நொடியில் பிரிக்க முடியாது. அவன் வெளியே வர முதலில் லெவல் வழியாக நடக்க வேண்டும். உள் ஷாஃப்டின் கூண்டில் ஏற வேண்டும். மறுபடி நடந்து, தரைக்கு வரும் ஷாஃப்டின் கூண்டைப் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து மேலே ஒரே கூண்டில் வர வழியில்லை. ஆகவே கோலாரின் பொறியாளர்கள் வேறு பாதையில் யோசிக்க வேண்டியிருந்தது. ஆளை நகர்த்த முடியாவிட்டால் பாறையைப் பிடித்து நிறுத்து.

ஆரம்பத்தில் மரம் முட்டுக்கொடுத்தார்கள். மரம் பாரத்தில் நசுங்கியது, தீயும் பிடிக்கும். பிறகு கருங்கல் வந்தது. தங்கம் எடுத்த இடைவெளியில் சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோயில் மதில் கட்டும் கைவேலை, பூமிக்கு அடியில், மேலே எந்த நேரமும் சரியக்கூடிய கூரையோடு. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளிகள் அடைபடும் வரை பாறை அசையத்தான் செய்தது. அந்த அசைவே வெடிப்புக்கு இடம் கொடுத்தது. பிந்தைய வருஷங்களில் கான்கிரீட்டும், ஆலையில் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மணலும் இடைவெளியை நிரப்பின. வெட்டும் வரிசையையே மாற்றி, அழுத்தம் ஓரிடத்தில் குவியாதபடி திட்டமிட்டார்கள். வெடிப்புகள் குறைந்தன, நிற்கவில்லை.

கூண்டுக்கும் காவல் உண்டு. இயக்குபவர் தவறி அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் கயிற்றைத் தானே விடுவித்து, கூண்டைக் கோபுரத்தில் தொங்கவிடும் கொக்கி 1860களிலேயே பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தொழிலாளிக்கு அமைந்த முதல் 'தப்பிக்கும் கருவி' எனலாம். கயிற்றின் நுனியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகப் பூட்ட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வெளிவழி வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் 1862ல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் ஒரே வழி அடைபட்டுச் செத்த 204 பேர் இருக்கிறார்கள். சுரங்க விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாவுப் பட்டியல் உண்டு. விமானி கையேட்டுக்கும் இது பொருந்தும்.

பூமியின் நாடி

மீட்புக்குப் போகிறவருக்கு வேண்டிய முதல் தகவல், எங்கே வெடித்தது என்பது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதைகளில் தேடிக்கொண்டிருந்தால் சிக்கியவரின் நேரம் தீர்ந்துவிடும். இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

அன்றைய கோலார் மாவட்டத்தின் கௌரிபிதனூரில், 1965லிருந்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வு நிலையம் இயங்கிவந்தது. உலகின் எந்த மூலையில் யார் அணுகுண்டு சோதித்தாலும் அதன் அதிர்வைப் பிடிப்பது அதன் வேலை. தூரத்துக் குண்டின் இடத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, காலடியில் வெடிக்கும் பாறையின் இடத்தைக் கணக்கிட முடியாதா? 1978ல் அதே மையத்தின் உதவியோடு தங்க வயலில் அதிர்வு உணரும் கருவிகளின் வலை விரிக்கப்பட்டது. பல இடங்களில் பதித்த கருவிகளுக்கு அதிர்வு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு வெடித்த இடம் கணக்கிடப்பட்டது. சின்னச் சின்ன அதிர்வுகள் ஓரிடத்தில் கூடத் தொடங்கினால் அது எச்சரிக்கை, ஆட்களை விலக்கிக்கொள்ளலாம்.

1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்க வயலில் தொடங்கப்பட்டபோது, நூறு வருஷமாக உயிர் கொடுத்துக் கற்ற பாடங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. மலைகளைக் குடைந்து கட்டும் மின் நிலையங்களுக்கும் குகைப் பாதைகளுக்கும் இன்று ஆலோசனை சொல்லும் அந்த நிறுவனத்தின் வேர் இங்கேதான். தலைமையிடம் பிற்பாடு பெங்களூருக்குப் போய்விட்டது.

இந்தச் சுரங்கத்தின் ஆழம் இன்னொரு விதத்திலும் பயன்பட்டது. மூன்று நாட்டு விஞ்ஞானிகள் 1965ல் வளிமண்டலத்து நியூட்ரினோக்களை முதன்முதலாகப் பிடித்த இடங்களில் ஒன்று இதே சாம்பியன் ரீஃப். அந்தப் பெருமை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் விஞ்ஞானிகள் சில மணி நேரம் தங்கிய ஆழத்தில் தங்கள் அப்பாக்கள் முப்பது வருஷம் தங்கினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மெதுவாக வரும் வெடிப்பு

எந்தக் கொக்கியும் எந்தக் கருவியும் பிடிக்காத ஒரு காயம் உண்டு. வெள்ளைக்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும். சிலிகோசிஸ். 1940களில் தங்க வயலில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் வரலாறு எழுதுபவர்கள் எல்லோரும் கோலாரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதற்கும் தடுப்பு உண்டு. துளைக்கும்போதே தண்ணீர் பாய்ச்சினால் தூசி எழாது. வெடி வைத்தபின் புகையும் தூசியும் அடங்கும்வரை ஆளை அனுப்பாமல் இருந்தால் போதும். ஆனால் தண்ணீர் பாய்ச்சினால் ஏற்கனவே வேகும் இடத்தில் ஈரம் இன்னும் ஏறும். ஒரு ஆபத்தைக் குறைத்தால் இன்னொன்று கூடும். விமானியின் இருக்கை முதுகை நொறுக்கி உயிரைக் காப்பதுபோல, இங்கேயும் எல்லாமே பேரம்தான். வித்தியாசம் ஒன்று. விமானியின் காயம் அன்றே தெரியும். அரசு விமானத்தில் கொண்டுபோய்ச் சிகிச்சை தரும். தொழிலாளியின் காயம் ஓய்வுபெற்ற பிறகு, மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கும்போது தெரியும்.

இப்போது யார்?

போர் விமானிகளின் உடலை ஆராயும் விமானப்படையின் மருத்துவ நிறுவனம் 1957லிருந்து பெங்களூரில் இருக்கிறது. விமானிகளைச் சுழற்றி எடையேற்றும் இயந்திரமும், தப்பிக்கும் இருக்கையில் பயிற்சியும் அங்கே உண்டு. தங்க வயலிலிருந்து ஸ்வர்ணா ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில், சுரங்கத் தொழிலாளியின் பேரன்கள் பலர் அந்த நகரத்தில் காவலாளி, மெக்கானிக், கணிப்பொறிப் பணியாளர். பூமிக்குள் இறங்க இன்று யாருமில்லை.

அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், மாரிகுப்பம் பகுதியில் மூடிக்கிடந்த சுரங்கத்துக்குள் பழைய பொருள்களைத் திருடுவதற்காகச் சிலர் இறங்கினார்கள். மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். வெடிப்பும் இல்லை, பாறைச் சரிவும் இல்லை. காற்றோட்டம் நின்ற சுரங்கத்தில் பிராணவாயு இருக்காது என்பது ஹால்டேன் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய பாடம். ஒரு காலத்தில் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த பாடம்.

விசிறிகளும் பம்புகளும் நின்றபின் சுரங்கம் தண்ணீரால் நிரம்பிவிட்டது. தண்ணீர் ஏற ஏறப் பாறையின் அழுத்தம் மாறி, மூடிய பிறகும் தங்க வயலில் அதிர்வுகள் பதிவாயின. கீழே ஆள் இல்லை என்பதால் வீட்டில் பாத்திரம் குலுங்கினாலும் யாரும் ஷாஃப்டுக்கு ஓடுவதில்லை.

சுரங்கத்தைத் திறக்கும் பேச்சு மட்டும் ஓயவில்லை. 2013ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில், ஊரைச் சுற்றி மலையாகக் குவிந்துள்ள சயனைடு மணல்மேடுகளிலிருந்து மிச்சத் தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தரைக்கு மேலே நடக்கும் வேலை என்பதால் அதில் கூண்டும் இல்லை, பாறை வெடிப்பும் இல்லை. தூசி உண்டு. வெயில் காலத்தில் காற்றடித்தால் அந்த மேடுகளின் வெண்தூசி வீடுகளுக்குள் வருவதை ஊர் பல தலைமுறையாகப் பார்த்துவருகிறது. ஒப்பந்தக்காரர் எந்த முகமூடி கொடுப்பார், யார் அளப்பார், பத்து வருஷம் கழித்து யார் மூச்சைப் பரிசோதிப்பார் என்ற கேள்விகளுக்கு விடை டெண்டர் தாளிலேயே இருக்க வேண்டும்.

உலகம் மீட்பைக் கொண்டாடத் தெரிந்தது. 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளத்தில் சிக்கிய 65 பேரை, ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் துளை போட்டு இரும்புக் கூடு இறக்கி ஒவ்வொருவராக மேலே எடுத்தார். 2010ல் சிலியில் 700 மீட்டர் ஆழத்திலிருந்து 33 பேர் அதே முறையில் 69 நாள் கழித்து வந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா குகைப் பாதையில் 17 நாள் சிக்கிய 41 பேரை, கடைசியில் இயந்திரம் தோற்ற இடத்தில் கையால் தோண்டும் தொழிலாளர்கள் மீட்டார்கள்.

மூன்று கிலோமீட்டருக்கு அப்படி ஒரு துளை போட்டுவிட முடியாது. கோலார் தொழிலாளிக்கு மேலிருந்து கூடு வராது என்பது அவனுக்கே தெரியும். அவனைக் காக்க இருந்தவை கருங்கல் சுவரும், கூண்டுக் கொக்கியும், அதிர்வைக் கேட்கும் கருவியும், பக்கத்தில் நின்றவனின் காதும்தான். பாறை முனகினால் 'ஓடு' என்று கத்துவதற்கு எந்த ராக்கெட்டும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காதுகள் இன்று ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் திண்ணைகளில் முதுமையில் உட்கார்ந்திருக்கின்றன. அவை கேட்டறிந்ததை எழுதிவைக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.